ஐம்பதிலும் வளையும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பெற்றோருக்கு எடுத்துரைக்கும்போது இதைவிடப் பொருத்தமான வாக்கு அகப்படுவது அரிது. ஆயினும் வயது வந்தோர் பலர் இதே பழமொழியைத் தம் உடம்பின்மீது தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பாக்கி விடுகின்றனர். "சிறுவயதில் ஓடியாடிப் பழகவில்லை, இனி என்ன செய்வது?" என்று கூறிச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிடுகின்றனர். விளையாட்டு மைதானத்தின் பக்கமே போகாத ஒருவர் நாற்பதிலோ ஐம்பதிலோ ஓடத் தொடங்கலாமா, தொடங்கினால் அவருடைய உடம்பு அதற்கு இசைந்து வளையுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், இந்த மனநிலை எங்கே பிறக்கின்றது என்று பார்ப்போம். நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறுகின்றது. கொடிகள் பறக்கின்றன, அணிநடை நிகழ்கின்றது, வெற்றிக் கிண்ணங்கள் வழங்கப்படுகின்றன. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைற்றும், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் பெற்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கமும் இத்தகைய பாடசாலை மைதானங்களிலிருந்தே புறப்பட்டவர்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் ஐந்நூறு பிள்ளைகள் கற்கும் ஒரு பாடசாலையில் மேடையேறிப் பரிசு பெறுவோர் ஐம்பது பேர் இருப்பார்களா? ஏனைய நானூற்றைம்பது பேரும் கூடாரத்தின் கீழ் இருந்து கைதட்டுகின்றனர். அன்று அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: ஓட்டம் என்பது முதல் மூவருக்கு உரியது.

நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பாடம் மறப்பதில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் தலைகாட்டும் வயதில் வைத்தியர் தேகாப்பியாசம் செய்யும்படி சொல்கிறார். "அது நமக்கு வராது" என்ற பழைய விடையே வாயில் வருகின்றது. மருந்துச் சிட்டையைக் கவனமாக மடித்து வைத்துக்கொள்ளும் நாம், வைத்தியர் சொன்ன மற்றைய மருந்தை அவருடைய அறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நானும் அந்த நானூற்றைம்பது பேருள் ஒருத்தியாக இருந்தவளே.

உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதல் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று இலண்டன் மாநகரின் பஸ் வண்டிகளில் நடந்தது. ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞரும் அவரது குழுவினரும் 1953ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். இரண்டு தட்டுப் பஸ் வண்டியில் சாரதி நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காகப் படிகளில் ஏறி இறங்கிய வண்ணம் இருப்பார். இருவரும் ஒரே வண்டியில் தொழில் செய்பவர்கள். ஆயினும் இருதய நோய் நடத்துநரைவிடச் சாரதியையே அதிகமாகப் பற்றியது. தபாற்றுறையிலும் இதே வேறுபாடு காணப்பட்டது. கடிதங்களை வீடு வீடாகக் கொண்டு செல்வோர், மேசையில் இருந்து எழுதுவோரைவிட நலமாக இருந்தனர். நடத்துநரும் தபாற்காரரும் பதக்கம் பெற்ற வீரர்கள் அல்லர். அன்றாடம் அசைந்தார்கள், அவ்வளவே.

இனி ஓட்டத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் ஆதர் லிடியாட் என்றொரு பயிற்றுநர் இருந்தார். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் பயிற்றிய பீற்றர் சினெல், மறி ஹல்பேக் என்னும் இருவரும் 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றனர். அந்த வெற்றியைவிட நமக்குப் பயன்படுவது அதன்பின் அவர் செய்த காரியம். வயது சென்ற, உடல் தளர்ந்த, சிலர் மாரடைப்பும் கண்ட சாதாரண மனிதர்களை அவர் மெதுவாக ஓடப் பழக்கினார். 1962இல் ஒக்லாந்து நகரில் அதற்கென ஒரு கழகமே தோன்றியது. அவர் வகுத்த விதி மிக எளியது. உடன் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓட முடியவேண்டும். பேச மூச்சு இடந்தராவிட்டால் வேகம் கூடிவிட்டது என்பது பொருள்.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் நியூசிலாந்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்குச் சற்று மேல். பெயர் பெற்ற வீரர்களைப் பயிற்றியவர். ஆனால் தாம் ஓடுவதை விட்டு வெகுகாலமாகியிருந்தது. லிடியாட்டின் கழகத்தாரோடு ஒரு குன்றில் ஓடச் சென்றவர் விரைவில் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்த, முன்னர் மாரடைப்புக்கு ஆளான ஒரு முதியவரே அவருக்குத் துணையாகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன் வந்தாராம். பவர்மன் நாடு திரும்பியதும் தம் ஊரில் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளை ஆரம்பித்தார். இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து அது பற்றி ஒரு நூலும் எழுதினார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியதற்கு அது ஒரு முக்கிய காரணமாயிற்று.

உடம்பு வளையுமா என்ற வினாவுக்கு உடற்றொழிலியல் தரும் விடை என்ன? வளையும், ஆனால் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் வளைவதில்லை. ஒழுங்காகப் பயிற்சி தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே குருதியின் கனவளவு கூடுகின்றது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னையிலும் அதிகமான குருதியை வெளியேற்றப் பழகுகின்றது. ஓய்விலிருக்கும்போது நாடித்துடிப்புக் குறைகின்றது. தசைக் கலங்களில் சத்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. இவையெல்லாம் ஐம்பதிலும் நிகழும், அறுபதிலும் நிகழும்.

ஆனால் என்புகளும் தசைநாண்களும் உறுதிப்பட மாதக்கணக்கு ஆகின்றது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகின்றது. மூன்றாம் நான்காம் வாரத்தில் மூச்சு இலகுவாகிவிடும். "இனி வேகமாக ஓடலாம்" என்று மனம் சொல்லும். அப்போது கால்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை. புதிதாகத் தொடங்கியோர் பலர் முழங்கால் நோவென்றும் குதிகால் நோவென்றும் கைவிடுவது அந்தக் கட்டத்திலேதான். அது அவர்களுடைய வயதின் குற்றமன்று, அவசரத்தின் விளைவு.

ஆகவே தொடங்கும் முறையைச் சொல்கின்றேன். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உடையவர்களும், நடக்கும்போது நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ காண்பவர்களும் முதலில் வைத்தியரைக் கண்டு அனுமதி பெறவேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் ஓட்டத்தால் குருதியிற் சீனி சடுதியாகக் குறையக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நீரிழிவுடையோர் ஓடி முடிந்ததும் பாதங்களைப் பார்ப்பது அவசியம். உணர்ச்சி குறைந்த காலில் சிறு புண்ணும் தெரியாமல் வளரும்.

அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996இல் வகுத்த ஒரு திட்டம் உலகமெங்கும் வழக்கில் உள்ளது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே பயிற்சி. ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடத்தல். பின் ஒரு நிமிடம் மெதுவான ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இவ்வாறு மாறி மாறி இருபது நிமிடம். வாரம் செல்லச் செல்ல ஓட்டம் நீண்டு நடை குறுகும். ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடலாம் என்பது கணக்கு. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நான் கூறும் திருத்தம் ஒன்று. ஒன்பது வாரம் பதினெட்டு வாரமானால் யாருக்கும் நட்டமில்லை. கடினமாகத் தோன்றும் வாரத்தை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். நமது வெப்பத்தில் விடியற்காலையே உகந்த நேரம். காலுக்குப் பொருந்திய ஒரு சோடிச் சப்பாத்தைத் தவிர வேறு செலவு வேண்டியதில்லை.

நான் தொடங்கியபோது வயது ஐம்பத்திரண்டு. வைத்தியர் குருதிப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார். அதிகாலையில், பாடசாலை திறப்பதற்கு வெகுமுன், மைதானத்தில் நடையும் ஓட்டமுமாகச் சுற்றினேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஐந்து மாதங்களின் பின் அரைமணி நேரம் ஓட முடிந்தது. நிறை பெரிதாகக் குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேல்மாடி வகுப்பறைக்கு ஏறி, மூச்சு வாங்காமல் வாசலிலேயே பாடத்தைத் தொடங்க முடிந்தது. இரவில் நித்திரை நன்றாக வந்தது. அடுத்த பரிசோதனையில் சீனியின் அளவு இறங்கியிருந்தது. இது எனக்கு மட்டும் கிட்டிய அதிர்ஷ்டமன்று. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பேராய்வில், நீரிழிவின் எல்லையில் நின்றோர் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நிறைக் குறைப்பாலும் அந்நோய் வரும் வாய்ப்பை 58 வீதம் குறைத்துக்கொண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வயது வந்தோருக்கு விதித்த கணக்கும் இதை ஒட்டியதே. வாரத்தில் மிதமான பயிற்சியாயின் 150 முதல் 300 நிமிடம். ஓட்டம்போன்ற கடும் பயிற்சியாயின் 75 முதல் 150 நிமிடம்.

"முழங்கால் தேய்ந்துவிடுமே" என்று அஞ்சுவோர் உண்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரரையும் ஓடாதவரையும் 1984 முதல் இரு தசாப்தங்கள் கவனித்தனர். ஓடியவர்களின் முழங்கால்கள் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தேய்ந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் ஓடியோருள் 15 வீதத்தினரும் ஓடாதோருள் 34 வீதத்தினரும் இறந்திருந்தனர். இயல்பிலேயே நலமுள்ளவர்கள்தாமே ஓடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதற்கு இது போதும்.

உடம்பின் தடையைவிடப் பெரியது வெட்கம். பெண்களுக்கு அது இரட்டிப்பு. காலையில் அடுப்படி வேலை, ஒழுங்கையில் நாய்கள், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் கண்கள், "இந்த வயதில் இவவுக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி. தனியே வீதியில் ஓட வசதியில்லாதோர் இருவர் மூவராகச் சேருங்கள். கோயில் வீதியோ பாடசாலை மைதானமோ போதும். வீட்டிலுள்ள ஆண்கள் அந்த அரைமணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால், அது அவர்கள் வாங்கிக் கொடுக்கும் எந்த மருந்தினும் சிறந்தது.

ஒருநாள் நேரத்தோடு வந்துவிட்ட எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உடற்கல்விப் பாடம் வந்தால் வயிற்றுநோவென்று சொல்பவள் அவள். "ரீச்சர், என்ன போட்டிக்கு ஓடுறீங்கள்?" என்று கேட்டாள். "போட்டி ஒன்றுமில்லைப் பிள்ளை, சும்மாதான்" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கடைசியாய் வந்தாலும் காரியமில்லையா?" என்றாள். அடுத்த வாரம் அவளும் வந்தாள். இப்பொழுது ஏழெட்டுப் பிள்ளைகள் வருகின்றனர். யார் முந்தினார் என்று எவரும் குறிப்பதில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நமது பாடசாலைகள் விடை சொல்லவேண்டும். மெய்வல்லுநர் போட்டியை நிறுத்தும்படி நான் கூறவில்லை. வேகமுள்ள பிள்ளைக்கு மேடை வேண்டும். ஆனால் அதே விழாவில், முழுப் பாடசாலையும் தத்தமக்கு இயன்ற வேகத்தில் ஓடியோ நடந்தோ முடிக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சேர்ப்பது கடினமா? முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொடுங்கள். கடைசியாக வரும் பிள்ளைக்கும் அதே ஒரு புள்ளி. ஐந்தில் நாம் வளைக்கத் தவறாதிருந்தால், ஐம்பதில் வைத்தியர் வந்து வளைக்கவேண்டிய தேவை இராது.

வளர்ந்துவிட்ட நமக்கோ வழி இன்னும் திறந்தே இருக்கின்றது. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பௌஜா சிங் என்னும் விவசாயி, மனைவியையும் மகனையும் இழந்த துயரின்பின் முதுமையில் ஓட்டத்தை மேற்கொண்டார். 2000ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாக மரதன் ஓடியபோது தமக்கு 89 வயது என்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் சாதனை ஏடுகள் அவருடைய வயதை ஏற்கவில்லை. ஆனால் 42 கிலோமீற்றரை அவர் கடந்ததை எவரும் மறுக்கவில்லை. 2025இல் தம் ஊர் வீதியில் வாகனம் மோதி அவர் காலமானார்.

நமக்கு 42 கிலோமீற்றர் வேண்டியதில்லை, நேயர்களே. நாளை விடியும்போது படலையைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். ஐந்து நிமிடம் நடவுங்கள். பின் அடுத்த மின்கம்பம் வரைக்கும் மெதுவாக ஓடுங்கள். மூச்சு வாங்கினால் நடவுங்கள். மறுநாள் ஓய்ந்து, அதற்கு அடுத்த நாள் மீண்டும் வாருங்கள்.