மாமல்லபுரத்து வலை, வான்கூவர் வானம்

ஸ்மார்ட்போனும் கையுமாக இருக்கிற உங்களிடம் இன்று வலையைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்டர்நெட் இல்லீங்க, நிஜமான மீன் வலை!

1997-ல் ஜேனட் எக்கெல்மேன் என்ற அமெரிக்க ஓவியர் ஃபுல்பிரைட் உதவியில் இந்தியா வந்து, மாமல்லபுரத்தில் தங்கினார். கண்காட்சி நெருங்கிவிட்டது, ஊரிலிருந்து அனுப்பிய பெயிண்ட் மட்டும் வந்து சேரவில்லை. சிற்பத்துக்குப் பேர்போன ஊராச்சே என்று வெண்கலத்தில் வார்த்துப் பார்த்தார். பெரிசாகச் செய்தால் கனம், செலவு இரண்டுமே கட்டுப்படியாகவில்லை.

கடற்கரையில் நடக்கும்போது, மீனவர்கள் மணலில் வலையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் பொறி தட்டியது: கனமே இல்லாமல் பெரிய உருவம் செய்யலாமே! அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். கம்பத்தில் தூக்கிக் கட்டியதும் காற்றே அதற்கு உருவம் கொடுத்தது. யோசனை அவருடையது, கைவேலை நம்ம மீனவர்களுடையது. இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

2005-ல் போர்ச்சுகலின் மட்டோசின்யோஸ் என்ற கடலோர ஊரில், ஒரு ரவுண்டானாவுக்கு மேலே 'ஷி சேஞ்சஸ்' எழுந்தது. வெயில், உப்புக்காற்று, புகை எல்லாம் தாங்கும் நூல் வேண்டுமே? சாதாரண வலை நூல் அங்கே நிற்காது. பாஸ்டனில் 2015-ல் சுற்றியிருந்த உயரமான கட்டடங்களிலேயே கயிற்றைக் கட்டினார்கள். அதில் சுமார் 160 கிலோமீட்டர் நூல், ஐந்து லட்சத்துக்கு மேல் முடிச்சு!

"மக்கள் பணத்தில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்திலும் இதே வாக்குவாதம் நடந்தது. 2009-ல் பூங்காவுக்கு மேலே சிற்பம் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது கனடாவின் வான்கூவரில் 2014-ல் அமைத்ததுதான். ஆரன் கோப்ளின் என்ற கலைஞரும் சேர்ந்துகொண்டார். 745 அடி நீள வலை. கீழே நின்றவர்கள் தங்கள் போனில் நிறத்தைத் தேர்ந்தெடுத்து விரலால் கோடு இழுத்ததும், அந்தக் கோடு தலைக்கு மேலே ஒளியாக ஓடியது. தனியாக ஆப் எதுவும் தேவைப்படவில்லை, பிரவுசரே போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் யாரென்றே ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் அவர் இழுத்த கோடும் இவர் இழுத்த கோடும் ஒரே வலையில் குறுக்கே பாய்ந்தன.