தண்டுவடத்தில் ஒரு கட்டி

1999. கார்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவ அதிகாரியான கணவர் போர்முனையில். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அப்போதுதான் தீபா மாலிக்கின் முதுகுத்தண்டில் கட்டி இருப்பது தெரியவந்தது. சிறுவயதிலேயே ஒருமுறை வந்து போன கட்டி!

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நம் சுண்டுவிரல் தடிமன்தான். மூளைக்கும் உடம்புக்கும் இடையே தகவல் போய்வரும் பாதை அது. கட்டியை எடுக்கும்போது அந்த நரம்புகள் சேதமானால் திரும்ப வளர்வது மிக அரிது. அதனால், உயிர் பிழைத்தாலும் நடக்க முடியாது என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தீபா தெரிந்தே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

மார்புக்குக் கீழே உணர்வு போனது.

அதன்பின் நீச்சல் பழகினார், கார் ஓட்டினார், பிறகு குண்டு எறிதலுக்கு வந்தார். எறியும் நாற்காலியைத் தரையோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இடுப்பைத் திருப்பி வேகம் கூட்ட முடியாது. தோளும் கையும்தான் துணை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். பாராலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

தீபாவின் கட்டியை விடுங்கள்; சாதாரண முதுகுவலி நம்மில் பலருக்கு உண்டு. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் வலியோடு கால் திடீரெனப் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நரம்பு நெரிபடும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.