நிறம் போச்சு, உப்பு போச்சா?

(நொய்யல் கரையோர விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் ஒரு சாயப்பட்டறை சார்பில் நம்ம ஊருக்கு நாலு பேர் வந்தாங்க. கையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் கத்தரிப்பூ நிறத்தில் சாயத் தண்ணி. இன்னொன்றில் பளிச்சென்று தெளிந்த தண்ணி. "புது முறையில் சுத்தம் பண்ணியிருக்கிறோம். இதை உங்க தோட்டத்துக்கே இலவசமாக விடுகிறோம். ஆட்சேபனை இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப் போகிறார்களாம். கையெழுத்துப் போடும் முன்னால் அந்தத் தண்ணியின் கதையைத் தெரிந்துகொள்ளணும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

அவர்கள் சொல்லும் புது முறைக்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், தண்ணிக்குள்ளேயே அழுக்கை எரிப்பது. நெருப்புக்குப் பதிலாக ஓசோன் வாயுவையோ, ஹைட்ரஜன் பெராக்சைடையோ, குளோரினையோ விடுவார்கள். நமக்குத் தெரிந்த அன்னபேதி உப்பைப் பெராக்சைடோடு சேர்த்தால் வேகம் இன்னும் கூடும். ஃபென்டன் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி 1894-லேயே எழுதி வைத்த முறை அது. சாயம், பூச்சிமருந்து, மாத்திரை மருந்து பலவற்றின் கட்டுமானத்தை இது உடைக்கும். சாயம் உடைந்ததும் நிறம் மறையும். இதில் பொய் இல்லை.

சுவிட்சர்லாந்து நாட்டில் 2016 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. நகரச் சாக்கடை நீரில் துளித்துளியாகத் தங்கிவிடும் மருந்து மிச்சங்களை, பல நிலையங்களில் ஓசோன் விட்டுத்தான் அகற்றுகிறார்கள். அதோடு விட்டுவிடுவதில்லை. பச்சை விறகு பாதி எரிந்தால் வீடெல்லாம் புகை அடைவது போல, பாதி உடைந்த துண்டுகள் தண்ணியில் நிற்கும். அதனால் ஓசோனுக்குப் பிறகு மணல் வடிகட்டி வைத்து, நுண்ணுயிர்களை அந்தத் துண்டுகளைத் தின்ன விடுகிறார்கள். குளோரின் விட்டால் இன்னும் கவனம் வேண்டும். அது கழிவோடு சேர்ந்து புது நஞ்சுகளை உண்டாக்கும்.

ஆக, முறையில் குற்றம் இல்லை. நம்ம தண்ணியில் இருக்கும் பெரிய வியாதிக்கு இது மருந்தே இல்லை என்பதுதான் விஷயம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடணும். சாயத் தொட்டியில் ஒரு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை போடுவது வழக்கம். பத்து லிட்டர் வாளிக்கு அரை கிலோவுக்கு மேல்! இந்த உப்பு துணியில் தங்காது. அத்தனையும் கழிவோடு வெளியே வரும்.

அம்மாமார்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கைப்பிடி உப்பை அடுப்பில் போடுங்க. படபடவென்று வெடிக்கும். எரிந்து போகுமா? சாம்பலில் அப்படியே கிடக்கும். அது மாதிரிதான் இதுவும். ஓசோன் விட்டாலும் பெராக்சைடு ஊற்றினாலும் உப்பில் ஒரு குந்துமணி குறையாது. குளோரின் ஊற்றினால் அதுவே கடைசியில் உப்பாக மாறும். அன்னபேதி முறையில் அமிலம், சுண்ணாம்பு எல்லாம் சேர்வதால் உப்பு கூடத்தான் செய்யும். நிறம் போக்கின தண்ணி, முன்னை விட உப்பான தண்ணியாகவும் இருக்கலாம்.

அன்றைக்கு அந்தத் தெளிந்த டம்ளரில் நம்ம சங்கத்து டிடிஎஸ் மீட்டரை விட்டேன். 5,800 காட்டியது. வந்தவர்கள் மீட்டர் ரிப்பேர் என்றார்கள். ஊர்க் குழாய்த் தண்ணியில் விட்டுக் காட்டினேன், 400-க்குள் நின்றது. அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை.

5,800 என்றால் என்னங்க? ஒரு லிட்டரில் 5.8 கிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணி கட்ட ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் ஆகும். கணக்குப் போடுங்க. ஒரே தண்ணிக்கு 580 கிலோ உப்பு. பதினோரு மூட்டையைத் தோளில் சுமந்து போய் நம்ம கையாலேயே காட்டில் கொட்டுவதற்குச் சமம். கழிவுநீருக்கு வைத்திருக்கிற வரம்பே 2,100 தான். அந்த வரம்புக்குள் இருந்தாலும் ஏக்கருக்கு 210 கிலோ இறங்கும். சோடியம் ஏறின மண் இறுகிப் போகும், மழை பெய்தாலும் தண்ணி உள்ளே இறங்காது.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தது. அது சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதைக் கண்ணால் பார்த்தோம். அணையில் தண்ணி இருந்தும், "திறக்காதீங்க" என்று விவசாயியே கெஞ்சின கொடுமை வேறு எங்கே நடந்தது? நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28-ல் பட்டறைகளையே மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். இத்தனை பாடுபட்டு வாங்கின தீர்ப்பை, ஒரு டம்ளர் தண்ணியைப் பார்த்து நாமே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கலாமா?

பனியன் தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஆர்.ஓ. வைத்து உப்பைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணியையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பி எடுக்கிற வழி இருக்கிறது. செலவு அதிகம்தான். அந்தச் செலவை நம்ம மண் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அதைத்தான் கூடாது என்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. நிறம் நீக்கியதை மட்டும் வைத்து எந்தக் கழிவுநீரையும் ஓடையிலோ தோட்டத்திலோ விடக்கூடாது.

2. ஆக்சிஜனேற்றம் செய்தாலும், உப்புப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் நிலையமும் ஓடியே ஆகணும்.

3. மாதிரி எடுக்கும்போது ஊர் விவசாயிகள் இருவர் உடன் இருக்கணும். இரவிலும், மழை நாளிலும் எடுக்கணும்.

4. உப்பு அளவு, உடைந்த ரசாயனத் துண்டுகள், குளோரின் சேர்ந்த நஞ்சு மூன்றையும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் எழுதணும்.

5. சுத்திகரிப்பில் வரும் கசடும் கழிவு உப்பும் எங்கே போகிறது என்று கணக்குக் காட்டணும்.

தோழர்களே, அக்டோபர் 2 அன்று வீட்டுக்கு ஒருத்தராவது கிராம சபைக்கு வாங்க. வரும்போது உங்க கிணற்றுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க. மீட்டர் மேசை மேலே இருக்கும். எல்லோர் எதிரிலும் அளந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுவோம். அவர்கள் கொண்டு வரும் டம்ளரையும் அதே மீட்டரில் அளப்போம். அதுவரைக்கும் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீங்க.