எந்தத் தேர்வு? எந்த மொழியில்?

(மேனிலைப் பள்ளி மாணாக்கர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

அண்டை வீட்டுப் பிள்ளை எழுதுகிறது என்பதற்காக நான்கு தேர்வுகளுக்குப் பணங்கட்டி, ஒன்றையும் முழுமையாகப் படியாமல் அல்லலுறும் பிள்ளைகள் எத்தனை பேர்! தேர்வைத் தெரிவு செய்யுமுன், அஃது எந்த மொழியில் வினவுகிறது என்று பாருங்கள். தமிழ்வழி பயின்றார்க்கு அதுவே முதல் வினா.

அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள பொறியியற் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. 1984-இல் புகுந்த அத்தேர்வு 2007-இல் ஒழிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். நடுவண் அரசின் கல்லூரிகளை நாடுவோர் எழுதும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடைபெறுகிறது. ஆனால் அதனைக் கடந்து ஐ.ஐ.டி.க்குள் புகுத்தும் அடுத்த தேர்வோ ஆங்கிலமும் இந்தியுமே அறியும்! தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி வழியில் ஏணி எடுக்கப்படுகிறது. அவ்வழி செல்வோர் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆங்கில வினாக்களில் பழகிவிட வேண்டும்.

மருத்துவத்திற்கோ தெரிவுக்கே இடமில்லை. 2017 முதல் தமிழ்நாட்டிலும் ‘நீட்’ ஒன்றே வாயில். அதற்குத் தமிழ் வினாத்தாள் உண்டு. அதை நம்பிய பிள்ளைகள் 2018-இல் பட்ட பாடு என்ன? 180 வினாக்களில் 49 வினாக்கள் பிழைபட்ட மொழிபெயர்ப்பு என வழக்கு எழுந்தது. சிறுத்தை என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, ‘சீத்தா’ என்று அச்சிட்டிருந்தனர். பிள்ளை விலங்கைத் தேடுமா, பழத்தைத் தேடுமா? தமிழில் எழுதியோர்க்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குக என மதுரை உயர்முறைமன்றக் கிளை சூலையில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்சமுறைமன்றம் அதனை நீக்கியது. பிழை செய்தவர்க்கு ஒன்றுமில்லை. எழுதிய பிள்ளைக்கே இழப்பு.

வினாவின் இரு வடிவும் முரண்பட்டால் ஆங்கில வடிவே முடிந்த முடிபு என்பது அத்தேர்வின் விதி. தமிழைத் தெரிவு செய்தார்க்கு இரு வடிவும் ஒரே ஏட்டில் தரப்பெறுகின்றன. ஆகலின் ஆயத்தமும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். ஒளிச்சேர்க்கை எப்படி நிகழ்கிறது என்பதைத் தமிழிலேயே தெளிவுறக் கற்றுக்கொள்க. கருத்து விளங்கியபின் அதன் ஆங்கிலப் பெயர் வெறும் ஓட்டுச்சீட்டே. ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் தமிழ்க் கலைச்சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் நாள்தோறும் பத்துப்பத்தாக எழுதி வருக. பழைய வினாத்தாள்களை இரு மொழியிலும் கடிகாரம் வைத்து விடையிறுக்க. தமிழ்த் தொடர் குழப்பினால் மனங்கலங்காமல் ஆங்கிலத் தொடரை நோக்குக. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும், குருட்டடி வேண்டா.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. படித்த பள்ளிகள் அனைத்திலும் அதற்குரிய சான்றினைப் பெற்றோர் இப்போதே வாங்கி வைத்துக்கொள்க.