வாரம் ஒரு பை



க.விலக்கிலிருந்து கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு போகிற ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கேரியரில் புல்லுக்கட்டோ மண்வெட்டியோ வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் பழைய சைக்கிளில் தோட்டத்துக்குப் போவார். அவரை ஒதுங்கிக் கடந்து, ஹெல்மெட்டும் கண்ணாடியும் பளபள சட்டையுமாக நாலைந்து பேர் கியர் சைக்கிளில் வருசநாட்டுப் பக்கம் பறப்பார்கள். அவர்கள் தேனிக்காரர்களாக இருப்பார்கள், சில நாள் மதுரைக்காரர்கள். வாரநாள் என்றால் அரசு கொடுத்த சைக்கிளில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் வரிசைகட்டி வருவார்கள். பால்காரரும் காய்கறிக்காரரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் இன்று சைக்கிளில் மிச்சம் இருப்பது இந்த மூன்று வகையினர்தான். இவர்களிடம்தான் இன்றைக்கு எனக்குப் பேச்சு.

நீங்கள் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டு, சான்றிதழோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. யாரும் கூப்பிடாமல், தேதி வந்தால் தானாகப் போய்ப் படுத்துக் கை நீட்டுகிற பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அது ஏன் என்பதைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அது இருப்பது க.விலக்கில், சனங்கள் 'கானாவிலக்கு ஆஸ்பத்திரி' என்பார்கள். மயிலாடும்பாறை, வருசநாடு பக்கத்தில் ஒரு பிரசவம் சிக்கலானால் 108 வண்டி பெரும்பாலும் இந்த ரோட்டில்தான் அங்கே ஓடிவரும். பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு பொல்லாதது. காலையில் நன்றாக நடமாடிய பெண்ணைக்கூட ஒரு மணி நேரத்துக்குள் கவிழ்த்துவிடும். உலகம் முழுக்கத் தாய்மார்கள் சாவதற்கு முதல் காரணம் அதுதான்.

அந்த நேரத்தில் கணவரோ தம்பியோ, "என் ரத்தத்தை எடுத்துக்குங்க" என்று கையை நீட்டுவார்கள். சினிமாவில் என்றால் உடனே இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் குழாயை மாட்டிவிடுவார்கள். நிஜத்தில் அப்படி நடக்காது. எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து நோய்களுக்குச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆக, அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் போவது ஏற்கெனவே குளிர்ப்பெட்டியில் தயாராக இருக்கிற பை. போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ, அவள் யாரென்றே தெரியாத ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

அந்தப் பை எத்தனை நாள் தாங்கும்? 2 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்குள் வைத்தால் சிவப்பணுக்கள் 35 நாள். கூடுதல் மருந்துக் கரைசல் சேர்த்தால் 42 நாள். டெங்குக் காய்ச்சல் சமயத்தில் எல்லோரும் தேடுகிற தட்டணுக்கள் ஐந்தே நாள். இதனால்தான் ஒரே நாளில் ஊரே திரண்டு கொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் ஊரில் தலைவர் பிறந்தநாளுக்கும் நடிகர் பிறந்தநாளுக்கும் ரத்ததான முகாம் நடக்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. கட்அவுட்டுக்குப் பாலை ஊற்றுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பிரசவமும் விபத்தும் அதைப் பார்த்துக்கொண்டா வருகின்றன? முகாம் அன்று பை குவியும், அடுத்த மாதம் அலமாரி காலி. மே மாதம் இன்னும் மோசம். கல்லூரிகள் லீவு விட்டுவிடுவதால் முகாம்கள் குறைந்துவிடுகின்றன.

காசு கொடுத்து வாங்கவும் வழியில்லை, இருக்கவும் கூடாது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உண்டு. நோயை மறைத்துக்கொண்டு, உடம்பு தேறுவதற்குள் மறுபடி மறுபடி விற்றார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்றிலிருந்து நாட்டில் ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் சும்மா கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குச் சைக்கிள்காரரைக் குறிப்பாகப் பிடிப்பானேன் என்று கேட்கலாம். மழை தூறினாலும் கால் வலித்தாலும், யாரும் மிரட்டாமல் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வண்டியை வெளியே தள்ளுகிறவர் அவர். போன மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்று கணக்கு வைத்திருப்பவர். மூன்று மாதத்துக்கு ஒரு தேதியை ஞாபகம் வைப்பது அவருக்குப் பெரிய வேலையா? புல்லுக்கட்டுப் பெரியவருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. ஆனால் மாட்டுக்கு நேரம் தவறாமல் தீனி போடுகிற ஆள், அவருக்கும் இது வரும்.

இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் வெட்கக்கேடான காரணம். ரத்தத்தின் அருமையைச் சைக்கிள் பந்தய உலகம் மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கச் சைக்கிள் அணியில் சிலர் போட்டிக்கு முன்னால் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். அப்போது அதற்குத் தடைகூட இல்லை. 2006இல் ஸ்பெயின் போலீஸ் ஒரு டாக்டரைப் பிடித்தபோது, உறைகுளிரில் வைத்திருந்த ரத்தப் பைகள் இருநூறுக்கு மேல் சிக்கின. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே தன் ரத்தத்தை எடுத்துவைத்து, மலை ஏறும் நாளுக்கு முன் திரும்ப ஏற்றிக்கொள்கிற தந்திரம் அது. டூர் டி பிரான்ஸில் ஏழு பட்டம் வாங்கிய லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ரத்தம் ஏற்றியது உள்ளிட்ட மோசடிகளுக்காக 2012இல் அத்தனையையும் பறிகொடுத்தார்.

ஒரு பை கூடினால் மலை ஏற்றத்தில் அவ்வளவு லாபம் என்றால், ஒரு பை குறைந்தால் நஷ்டம் இருக்கத்தானே செய்யும்? இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. "கொடுத்த மறுநாளே பழையபடி ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் நாலு லிட்டருக்குச் சற்று மேல் ரத்தம் ஓடுகிறது. நம்மிடம் எடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். தண்ணீர்ப் பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம். சேமிப்பில் இருந்த இரும்புச்சத்து நிரம்ப அதற்கு மேலும் ஆகும். சமதரையில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள், முதல் மூன்று வாரம் மூச்சு முந்திக்கொண்டு வாங்கும். ஆகவே பந்தயமோ பெரிய மலைப் பயணமோ வைத்திருந்தால், அதை முடித்துவிட்டு வந்து கொடுங்கள். வெயிலுக்குப் பயந்து வண்டியை ஓரங்கட்டுகிற மே மாதம் உங்களுக்கும் தோது, ரத்த வங்கிக்கும் அப்போதுதான் தட்டுப்பாடு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல் பயப்படுகிறவர்கள் நிறைய. முதலில் ஒரு படிவம் தருவார்கள். சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும். மறைக்காமல் எழுதுங்கள். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வார்கள், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு எடை, ரத்த அழுத்தம், நாடி. இங்கே ஒரு வேடிக்கை. விதிப்படி நாடி நிமிஷத்துக்கு 60இலிருந்து 100க்குள் இருக்க வேண்டும். வருஷக்கணக்காகச் சைக்கிள் மிதித்தவருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஐம்பத்து சொச்சம்தான் அடிக்கும். டாக்டர் புருவத்தைத் தூக்கினால், தினமும் இவ்வளவு தூரம் ஓட்டுகிறேன் என்று சொல்லுங்கள். முடிவு அவருடையது.

அடுத்து விரல் நுனியில் ஒரு குத்து. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சுருக்கென்று உறைப்பது இதுதான்; கையில் குத்துகிற பெரிய ஊசி இதைவிடச் சாது. சில இடங்களில் சின்ன மெஷினில் பார்ப்பார்கள். சில இடங்களில் இன்னும் பழைய முறை உண்டு: ஒரு குடுவையில் நீலநிற மயில்துத்தக் கரைசல் இருக்கும், அதில் உங்கள் ரத்தத்தில் ஒரு சொட்டை விடுவார்கள். சொட்டு நேராக அடியில் இறங்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிறது, நீங்கள் தேறிவிட்டீர்கள். பாதியில் தயங்கி மிதந்தால் இல்லை. அந்தச் சொட்டையே எல்லோரும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தேறியதும் படுக்கை. கையில் ஒரு பஞ்சுப் பந்து தருவார்கள், அமுக்கி அமுக்கி விட வேண்டும். கீழே ஒரு தட்டு பையைத் தாலாட்டிக்கொண்டே இருக்கும், ரத்தம் உறையாமல் மருந்தோடு கலப்பதற்காக. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஊசியைப் பார்க்க முடியாது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர், 1954 தொடங்கி 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். அத்தனை தடவையும் ஊசி இறங்குவதை அவர் பார்த்ததே இல்லையாம். அவருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்தை லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குப் போட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். அன்றைக்குச் சைக்கிளில் போகாதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது யார் வண்டியிலாவது பின்னால் உட்கார்ந்து போங்கள். கொடுத்துவிட்டு எழுந்ததும் ஒன்றும் தெரியாது. சிலருக்கு அரை மணி, ஒரு மணி கழித்துத் திடீரென்று தலை சுற்றும். வீட்டுத் திண்ணையில் சுற்றினால் படுத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் லாரிக்கு முன்னால் போகும்போது சுற்றினால், நீங்கள் கொடுத்த பையை உங்களுக்கே ஏற்ற வேண்டிவரும். ஒரு நாள் முழுக்க மிதிக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து மெதுவாகச் சமதரையில் ஆரம்பிக்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கொடுக்கலாமா என்று கார்த்திகை மாதத்தில் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இரும்புச்சத்துக்கு நம் சமையலறையே போதும். முருங்கைக்கீரை, கம்பு, ஈரல் இருக்கின்றன. ஆட்டுச் சுவரொட்டியைப் பிள்ளைபெற்றவளுக்கு நம் பாட்டிமார் வதக்கிக் கொடுத்தது வெறும் நம்பிக்கை இல்லை, அதில் இரும்பு நிறைய இருக்கிறது. கூட ஒரு எலுமிச்சை பிழிந்துகொண்டால் உடம்பு நன்றாக உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், இரும்பை அது தடுத்துவிடும். தேயிலை விளைகிற மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே மனசில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதனால் பல பெண்கள் ஆசையோடு வந்து அந்தச் சொட்டுச் சோதனையில் திரும்பிப் போகிறார்கள். அது தோல்வி இல்லை, இலவசமாகத் தெரியவந்த ஒரு செய்தி. அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேறுகிறவர்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை. பள்ளிப் பிள்ளைகளே, அரசு சைக்கிள் கைக்கு வந்து இரண்டு வருஷம் போனால் உங்களுக்குப் பதினெட்டு. எடை 45 கிலோ இருந்தால் நீங்களும் வரலாம். புல்லுக்கட்டுப் பெரியவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது: முதல் தடவை என்றால் அறுபது வயது வரை, வழக்கமாகக் கொடுப்பவர் என்றால் அறுபத்தைந்து வரை.

கடைசியாக, சைக்கிள் குழுக்களுக்கு ஒரு கணக்கு. தொண்ணூறு நாள் என்பது ஏறக்குறையப் பதின்மூன்று வாரம். உங்கள் குழுவில் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பேனர் கட்டிப் போய்க் கொடுக்காதீர்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தன் வாரத்தில் ஒரு நாள் அவர் மட்டும் கானாவிலக்குக்கு பஸ் ஏறட்டும். பதின்மூன்றாவது ஆள் கொடுத்து முடித்த மறுவாரம் முதல் ஆளுக்கு மறுபடி நாள் வந்திருக்கும். பெண்கள் இருந்தால் அவர்களுக்கு இன்னும் ஐந்து வாரம் தள்ளிப் போடுங்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால், நாள் முடிந்த வேறொருவர் முன்னால் வரட்டும். மேகமலைக்கு ஏறப் போகிறவர் தன் வாரத்தை மாற்றிக்கொள்ளட்டும். குழுவே இல்லாத ஊரில் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டால் பதின்மூன்று தேறிவிடும். சைக்கிள் இல்லை என்று யாரையும் தள்ளாதீர்கள். ஆயுதபூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளலாம், புதிதாகப் பதினெட்டு முடிந்தவர்களைச் சேர்த்து.