நடந்தால் வலி, நின்றால் சுகமா?



சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களின் உதவி மனுக்கள் நம் அறக்கட்டளைக்கு வருகின்றன. விசாரித்தால், "நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும், வயசுக் கோளாறுன்னு இருந்துட்டோம்" என்கிறார்கள். வயது மட்டுமே காரணமல்ல. சர்க்கரையும் பீடி சிகரெட்டும் கால் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடுகின்றன; உள்ளே சுண்ணாம்பு படிந்து கல்லாகிறது.

அந்தக் கல்லுக்குள் சாதாரண பலூன் சரியாக விரியாது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே முறையைக் குழாய்க்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். தொடையில் சிறு துளையிட்டு பலூனைச் செலுத்தி, அதனுள்ளிருந்து அதிர்வலை எழுப்பினால் சுண்ணாம்பு விரிசல் விடும். பிறகு குறைந்த அழுத்தத்திலேயே குழாய் விரியும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. ஆனால் செலவு கூடுதல். எல்லோருக்கும் பொருந்தாது, பைபாஸ்தான் வழி என்பவர்களும் உண்டு.

கறுத்துச் செத்த விரலை எந்த பலூனும் மீட்காது. ஆகவே வுளூவில் கால் கழுவும்போது விரலிடுக்கையும் பாருங்கள். ஆறாத புண்ணோ, நடந்தால் வலியோ இருந்தால், கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவரிடம் கேளுங்கள். சுண்ணாம்பு படிந்த காலில் அந்த அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். அப்போது ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், துணைக்கு ஆள் அனுப்புகிறோம்.