நடிகருக்காகக் கருவி காத்திருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நாடகத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். ‘ஆக்மெண்டட் ரியாலிட்டி’ன்னு ஒண்ணு இருக்கு. தமிழில் மிகைமெய் என்கிறார்கள். எதிரே நடக்கிற நிஜக் காட்சியின் மேல், மூக்குக்கண்ணாடி வழியாகவோ செல்போன் வழியாகவோ ஒரு படத்தையோ எழுத்தையோ சேர்த்துக் காட்டுவது. அவ்வளவுதான்.

இல்லாததை மேடையில் பார்ப்பது நமக்குப் புதுசா என்ன? ஸ்ரீரங்கம் கோயில் அரையர் சேவையில் திரையும் கிடையாது, செட்டும் கிடையாது. முத்துக்குறியில் ஒரே அரையர் தாயாகவும் மகளாகவும் குறி சொல்பவளாகவும் மாறுகிறார். மூன்று பேரையும் நாம் பார்த்துவிடுகிறோம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா எழுதி, பூர்ணம் விஸ்வநாதன் நடித்த ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில், எதிர்காலத்திலிருந்து வரும் ஜோ, ரிடையரான சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டுக்காரர்கள் அவருக்குப் பைத்தியம் என்பார்கள். நமக்கு ஜோ தெரிகிறான். அதனால் அரங்கமே சேர்ந்து சிரிக்கிறது. ஆளுக்கொரு கண்ணாடி, ஆளுக்கொரு காட்சி என்றானால் இந்தச் சிரிப்பு போய்விடும்.

அப்போ கருவியே வேண்டாமா? வேண்டும். இங்கிலாந்தில் 2016-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ‘தி டெம்பெஸ்ட்’ நாடகம் போட்டது. ஏரியல் என்ற ஆவியாக நடித்தவரின் உடையில் சென்சார்கள். அவர் கை தூக்கினால் மேடையில் தெரியும் ஒளி உருவமும் அந்த நொடியே கை தூக்கும். முன்னாலேயே எடுத்து வைத்த படமாக இருந்தால் நடிகர்தான் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது லண்டன் நேஷனல் தியேட்டர் 2018-ல் கொண்டுவந்த கண்ணாடி. காது கேளாதவர் அதைப் போட்டுக்கொண்டால், நடிகர் பேசும் வசனம் கண் முன்னால் எழுத்தாக வரும். சாஃப்ட்வேர் நடிகரின் குரலைக் கேட்டுப் பின்தொடர்கிறது. அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்கள் வெறுங்கண்ணால் பார்க்கலாம். எல்லோரும் ஒரே நாடகத்துக்கு ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

நாடகக் குழுத் தம்பி தங்கைகளே, அந்தக் கண்ணாடி வாங்க நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர் போதும். மேடை ஓரத்தில் ஒரு சின்னத் திரை கட்டுங்கள். ஒத்திகை முழுக்கப் பார்த்த ஒருவர் உட்கார்ந்து, நடிகர் வாய் திறக்கும்போது ஒவ்வொரு வரியாகத் தட்டட்டும். காதில் விழாத காரணத்தால் கல்லூரி நாடகத்துக்கு வராமலே இருந்துவிட்ட ஒருவர், அடுத்த ஆண்டு விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கணும். செலவில் ஒரு பங்கு முன்னாள் மாணவர்களாகிய எங்களுடையது.